கண்ணில் வளர்ந்த சதையும் காணாமல் போன ரிப்போர்ட்டும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் சில இடங்களில் சற்று விரித்து எழுதியிருக்கிறேன்.)



லிஃப்ட் பராமரிப்பு, மாதச் சந்தா, தண்ணீர் லாரி என்று பேசுகிற கூட்டத்தில் இன்று எனக்குக் கண்ணைப் பற்றிப் பேச இருபது நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு முப்பத்து நான்கு வருஷம் வங்கியில் கிளார்க்காக உட்கார்ந்தவன். எனக்குத் தெரிந்தது வவுச்சரும் லெட்ஜரும்தான். அந்த வவுச்சர் விஷயத்தில் என் வீட்டுக் காரியத்திலேயே நான் கோட்டை விட்டேன். அதனால்தான் பேச வந்திருக்கிறேன்.

என் மனைவியின் தம்பி காசிமேட்டில் லாஞ்சில் தொழில் செய்கிறவன். நம் குடியிருப்பில் இருப்பவன் இல்லை. அவன் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். தங்கல் போனால் பத்து நாள், பன்னிரண்டு நாள் கடலிலேயே இருப்பான். அவனுக்கு வலது கண்ணில், மூக்குப் பக்கம், சிவப்பாக ஒரு சதை வளர்ந்தது. கேட்டால், "இன்னா மாமா, இதுக்குப் போயி பயப்படறே? எங்க லாஞ்சுல நாலு பேருக்கு இருக்குது" என்பான். அவன் சொன்னதும் பொய் இல்லை.

மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்கி ஒரு வருஷம் ஓட்டினான். பிறகு உறுத்தல் தாங்காமல் ஒரு சிறிய தனியார் கிளினிக்கில் அதை வெட்டி எடுத்தார்கள். கூடப் போனவன் நான். பணம் கட்டியவன் நான். ரசீதைக் கேட்டு வாங்கியவனும் நான். எடுத்த சதை எங்கே போனது என்று மட்டும் கேட்கவில்லை. அது குப்பைக்குப் போயிருந்தது.

இரண்டு வருஷம் கழித்து அதே இடத்தில் மறுபடி வளர்ந்தது. இந்த முறை பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா மைக்ரோஸ்கோப் மாதிரி இருக்கும் கருவியில் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "முதலில் எடுத்த சதையின் பேத்தாலஜி ரிப்போர்ட் எங்கே?" என்று கேட்டார். நான் பையைத் திறந்து ரசீதை நீட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

எது சாதாரணம்?

கண்ணின் வெள்ளைப் பகுதி மேல் கண்ணாடி மாதிரி மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. நடுவில் கருவிழி. வெள்ளையும் கருவிழியும் சேருகிற வட்டமான விளிம்பு ஒன்று உண்டு. நான் இன்று சொல்லப் போவதில் முக்கால்வாசி அந்த விளிம்பில் நடப்பதுதான்.

அங்கே வளருவதெல்லாம் புற்று இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இன்று ராத்திரி யாரும் தூங்க மாட்டீர்கள். வெள்ளையில் மஞ்சளாகச் சின்ன மேடு மாதிரி இருப்பது வயதானவர்களில் நிறையப் பேருக்கு உண்டு. அது அங்கேயே இருக்கும். மூக்குப் பக்கத்திலிருந்து முக்கோணமாக, ஈயின் இறக்கை மாதிரி கருவிழி மேல் ஏறுவதை டாக்டர்கள் டெரிஜியம் என்கிறார்கள். கிரேக்க மொழியில் சின்ன இறக்கை என்று பொருள். நாம் "கண்ணில் சதை வளர்ந்திருக்கிறது" என்கிறோம். நம் நாட்டில் இது ஆதிகாலத்திலிருந்தே தெரிந்த நோய். சுச்ருத சம்ஹிதையில் அர்மம் என்ற பெயரில் ஐந்து வகையாகப் பிரித்து, கொக்கியால் தூக்கி வெட்டும் முறையையும் எழுதியிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இது எவ்வளவு பேருக்கு இருக்கிறது? சென்னையிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் 40 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பரிசோதித்து 2012-ல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு டெரிஜியம் இருந்தது. வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு இது அதிகம் வருகிறது.

ஏன் மூக்குப் பக்கம் மட்டும் என்று எனக்குச் சந்தேகம். அதற்கு ஆஸ்திரேலியாவின் கொரோனியோ என்ற கண் மருத்துவர் விடை சொல்லியிருக்கிறார். பக்கவாட்டில், அதாவது காதுப் பக்கத்திலிருந்து வரும் வெயில், கருவிழியின் வளைவில் புகுந்து, பூதக்கண்ணாடியில் குவிகிற மாதிரி எதிர்ப்பக்க விளிம்பில் குவிகிறதாம். அந்த இடத்தில் ஒளியின் கடுமை இருபது மடங்கு வரை கூடலாம் என்பது அவர் கணக்கு. தலைக்கு மேல் வெயில், தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயில், பக்கத்திலிருந்து வரும் வெயில். நம் கடலோடிகளுக்கு மூன்றும் உண்டு. கரையில் உட்கார்ந்து வலை பின்னுகிறவர்களுக்கும், வெட்டவெளியில் மீன் விற்கும் பெண்களுக்கும் உண்டு. நம் கேட்டில் மேற்குப் பார்த்து உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேனுக்கும் உண்டு.

எது சாதாரணம் இல்லை?

அதே விளிம்பில், அதே வெயிலால், வேறொன்றும் வளரலாம். அந்தச் சவ்வின் மேல்தோல் அணுக்கள் கெட்டுப்போய்ப் பெருகுவது. டாக்டர்கள் ஓ.எஸ்.எஸ்.என். என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். இது ஒரே நிலை இல்லை, ஒரு படிக்கட்டு. முதல் படியில் சில அணுக்கள் மட்டும் கெட்டிருக்கும். அடுத்து மேல்தோலின் முழுக் கனமும் கெட்டிருக்கும், ஆனால் அதன் அடித்தளத்தைத் தாண்டியிருக்காது. கடைசிப் படியில் தளத்தை உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். அதுதான் முழுப் புற்று. அதையும் விட்டுவிட்டால் கண்ணுக்குள்ளும், கண் குழிக்குள்ளும் போகும். அப்போது கண்ணையே எடுக்க வேண்டி வரும். முதல் இரண்டு படிகளில் பிடித்துவிட்டால் கண்ணும் பார்வையும் பெரும்பாலும் தப்பித்துவிடும்.

வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியுமா? ஓரளவு தெரியும். டெரிஜியம் மெதுவாக, வருஷக் கணக்கில் வளரும். பல பேருக்கு இரண்டு கண்ணிலும் இருக்கும். இறக்கை வடிவம் இருக்கும். மற்றது பெரும்பாலும் ஒரு கண்ணில்தான். ஜெல்லி மாதிரி மேடாக இருக்கலாம், சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளைத் திட்டு இருக்கலாம், காலிஃப்ளவர் மாதிரி சொரசொரப்பாகவும் இருக்கலாம். அதற்குத் தீனி போடுகிற மாதிரி தடித்த ரத்தக் குழாய்கள் அதை நோக்கி ஓடும். சில மாதங்களிலேயே அளவு மாறும்.

மெட்ராஸ் ஐ வந்தால் கண் சிவந்து, பொங்கி, ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நிற்கும் சிவப்பை மெட்ராஸ் ஐ கணக்கில் எழுதக் கூடாது.

பழுப்புப் புள்ளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் மாதிரி மாநிறக்காரர்களுக்கு இரண்டு கண்ணிலும், விளிம்பைச் சுற்றிப் பழுப்பாக இருப்பது தோலின் நிறத்தோடு வந்தது. சின்ன வயதிலிருந்து இருக்கும் மச்சமும் பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. நடுவயதுக்கு மேல், ஒரு கண்ணில் மட்டும் புதிதாக வந்த பழுப்போ, தடிப்பாக வளர்கிற மச்சமோ இருந்தால் காட்டிவிட வேண்டும். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வலியே இல்லாமல் வெளிர் ரோஸ் நிறத்தில் மெத்தென்ற திட்டு தெரிந்தால் அதையும் காட்ட வேண்டும். அது நிணநீர்ப் புற்றாக இருக்கக்கூடும்.

டாக்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்?

வங்கியில் செக் வந்தால் ஸ்பெசிமன் கார்டை எடுத்துக் கையெழுத்தை ஒத்துப் பார்ப்போம். அனுபவசாலிக்கு ஒரு பார்வை போதும். ஆனாலும் கள்ளக் கையெழுத்து அனுபவசாலியையும் ஏமாற்றும் என்பதால்தான் செக்கைக் கிழித்துப் போடாமல் கட்டி வைக்கிறோம். கண்ணிலும் அதேதான்.

முதலில் கேள்விகள்: எத்தனை நாளாக, என்ன வேலை, பீடி சிகரெட் உண்டா, முன்பு ஆபரேஷன் நடந்ததா. பிறகு ஸ்லிட் லாம்ப் என்ற கருவியில் பார்ப்பது. மோவாயை வைத்துக்கொண்டு உட்காருவோமே, அதுதான். இமையைப் புரட்டியும் பார்க்க வேண்டும். சாயம் ஒன்று விடுவார்கள். ரோஸ் பெங்கால் என்று பெயர். கெட்ட மேல்தோல் அந்தச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். கழுத்திலும் காதோரத்திலும் தடவிப் பார்த்தால் பயப்பட வேண்டாம். நெறி கட்டியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

அடுத்தது ஓ.சி.டி. என்ற ஸ்கேன். ஊசி இல்லை, வலி இல்லை. வெளிச்சத்தை வைத்தே சவ்வைக் குறுக்கே வெட்டின மாதிரி படம் எடுத்துவிடும். ஓ.எஸ்.எஸ்.என். இருந்தால் மேல்தோல் தடித்து, வெளேரென்று, நல்ல இடத்திலிருந்து திடீரென்று மாறுவது தெரியும். டெரிஜியத்தில் மேல்தோல் ஏறக்குறைய சாதாரணமாக இருக்கும், தடிப்பு அதற்குக் கீழே இருக்கும். மச்சினன் கண்ணில் டாக்டரம்மா காட்டியபோது, எனக்கே அந்த எல்லைக்கோடு தெரிந்தது. ஆனால் சதை ரொம்பத் தடிப்பாகவோ வெள்ளையாகவோ இருந்தால் ஸ்கேனும் உள்ளே போகாது.

சில இடங்களில் வடிதாள் மாதிரி ஒரு காகிதத்தைக் கண்ணில் ஒற்றி, ஒட்டிக்கொண்டு வரும் அணுக்களைப் பார்ப்பார்கள். அது மேல் அணுக்களை மட்டும் காட்டும். உள்ளே இறங்கியிருக்கிறதா என்று சொல்லாது.

முடிவான தீர்ப்பு சதைப் பரிசோதனைதான். பயாப்ஸி. சின்னதாக இருந்தால் சுற்றிலும் மூன்று நான்கு மில்லிமீட்டர் நல்ல சவ்வையும் சேர்த்து முழுதாக எடுப்பார்கள். கட்டியைக் கருவியால் தொடாமல், அணுக்கள் சிந்தாமல் எடுப்பது ஒரு முறை. பெரிதாக இருந்தால் ஒரு துண்டு மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தியத்தை முடிவு செய்வார்கள். எடுத்ததை ஃபார்மலினில் போட்டு லேபுக்கு அனுப்பினால், எந்தப் படியில் இருக்கிறது, வெட்டின ஓரங்கள் சுத்தமா என்று எழுதி வரும். ஓரம் சுத்தமில்லை என்றால் திரும்பி வர வாய்ப்பு அதிகம்.

"சாதாரண சதை வளர்ச்சிக்கும் லேப் எதற்கு, வீண் செலவு" என்று நினைக்கலாம். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தில் டெரிஜியம் என்று எடுத்த சதைகளையெல்லாம் வரிசையாகப் பரிசோதித்தார்கள். 2009-ல் வெளியான முடிவு: பத்தில் ஏறக்குறைய ஒன்றில் இந்தக் கெட்ட அணுக்கள் ஒளிந்திருந்தன. அது வெயில் மிகுந்த ஊர், வெள்ளைத் தோல்காரர்கள் ஊர். மற்ற இடங்களில் கணக்கு இதைவிடக் குறைவு. ஆனாலும், கண்ணால் பார்த்து டெரிஜியம் என்று எழுதிய இடத்திலும் இது இருக்கலாம் என்பதற்கு அது ஒன்றே போதும்.

ஒரு கஷ்டமான பேச்சு

டாக்டரம்மா மச்சினனிடம் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துகொள்ளச் சொன்னார். அவனுக்கு வந்ததே கோபம். "என்னைப் பார்த்தா அப்பிடித் தெரியுதா?" என்று எழுந்துவிட்டான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சமாதானப்படுத்த அரை மணி ஆயிற்று.

கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இந்தக் கட்டி எளிதில் வருகிறது, குறிப்பாக இளவயதில். ஆப்பிரிக்க நாடுகளில் எச்.ஐ.வி. பரவியபோது இதுவும் கூடவே கூடியது. சில பேருக்கு எச்.ஐ.வி. இருப்பதே இந்தக் கண் கட்டியால்தான் முதலில் தெரியவருகிறது. தெரிந்தால் மாத்திரை இருக்கிறது, ஆயுள் இருக்கிறது. 1986-ல் இந்தியாவிலேயே முதன்முதலில் எச்.ஐ.வி.யைக் கண்டறிந்தவர்கள் நம் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும். அன்றைக்கு மருந்து இல்லை. இன்று அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். பரிசோதனைக்கு நம் சம்மதம் வேண்டும், முடிவு ரகசியமாக இருக்க வேண்டும் என்று 2017-ல் சட்டமே வந்திருக்கிறது.

மச்சினன் பரிசோதனை செய்துகொண்டான். முடிவு என்ன என்பது அவன் சொந்த விஷயம். நான் சொல்லப் போவதில்லை, நீங்களும் கேட்கக் கூடாது.

ரிப்போர்ட் வந்த நாள்

சதையைச் சுற்று ஓரத்தோடு எடுத்து, ஓரங்களுக்குக் குளிர் வைத்தியம் கொடுத்து, காயத்தின் மேல் பிரசவப் பனிக்குடத்திலிருந்து எடுத்துப் பதப்படுத்திய சவ்வை வைத்து மூடினார்கள். ரிப்போர்ட் வர சில நாள் ஆயிற்று. அந்த நாட்களில் என் மனைவி என்னோடு சரியாகப் பேசவில்லை.

மேல்தோலின் முழுக் கனமும் கெட்டிருக்கிறது, அடித்தளத்தைத் தாண்டவில்லை, ஓரங்கள் சுத்தம். இதுதான் வந்தது. ஓரத்தில் மிச்சமிருந்தாலோ, கட்டி அகலமாகப் பரவியிருந்தாலோ சொட்டு மருந்தாகவே புற்று மருந்து கொடுப்பார்களாம். சிலருக்கு ஆபரேஷன் இல்லாமலே அதில் கரைவதும் உண்டாம். இவனுக்கு அது தேவைப்படவில்லை. பார்வை தப்பித்தது. ஆனால் குறித்த தேதியில் போய்க் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு தங்கல் வருமானம் போகிறது.

முதல் தடவை எடுத்த சதையிலேயே இது இருந்ததா, பிறகு வந்ததா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். டெரிஜியமும் திரும்பி வளரும், அதனால் திரும்பி வந்ததை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, இனி யாராலும் சொல்ல முடியாது என்றார். பத்து ரூபாய் வித்தியாசத்துக்காக ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்து டாலி செய்தவன் நான். வவுச்சர் இல்லாமல் ஒரு பேமெண்ட்டும் பாஸ் செய்ததில்லை. அன்று கிளினிக்கில் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். இந்தக் கணக்கு என் பெயரில் சஸ்பென்ஸிலேயே நிற்கிறது.

நாம் செய்யக்கூடியவை

கண்ணில் எதை வெட்டி எடுத்தாலும், "லேபுக்கு அனுப்புவீர்களா?" என்று ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள். ரிப்போர்ட்டை ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் வையுங்கள்.

சதை வளர்ச்சி இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை ஸ்லிட் லாம்பில் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் நல்ல வெளிச்சத்தில் போனில் ஒரு படம் எடுத்துத் தேதியோடு வையுங்கள். மாறினால் காட்டிக்கொடுக்கும்.

சீட்டு இல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்காதீர்கள். சிவப்பைச் சீக்கிரம் குறைக்கும் மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கலாம். அதை இஷ்டத்துக்கு விட்டால் கண் அழுத்தம் கூடும், புரை வரும். தவிர, சிவப்பு குறைந்ததும் கட்டியை மறந்துவிடுவோம்.

வெயிலில் போனால் விளிம்பு உள்ள தொப்பி, பக்கவாட்டையும் மறைக்கிற, யு.வி. தடுக்கும் கண்ணாடி. வாட்ச்மேன் உட்காரும் இடத்துக்கு ஒரு தட்டி போடும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரி நமக்குத் தூரம் இல்லை. ஸ்டான்லி பக்கத்தில் இருக்கிறது. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கியது, உலகத்திலேயே மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருப்பவர்கள் அதையும் கையில் எடுத்துப் போய் எது கிடைக்கும் என்று கேளுங்கள்.

கடைசியாக ஒரு கோரிக்கை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். லாஞ்சுகள் கரையில் நிற்கும், ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். "சீசன்ல ஏது மாமா டைம்?" என்று சொல்ல முடியாத மாதங்கள் அவை. அப்போது நம் சங்கம் ஒரு கண் மருத்துவமனையைக் கேட்டு, நம் குடியிருப்பினருக்கும் பக்கத்துத் தெருக்காரர்களுக்கும் சேர்த்து ஒரு நாள் முகாம் வைக்க வேண்டும். நாற்காலி, பந்தல், டீ செலவில் என் பங்கை இன்றே பொருளாளரிடம் கொடுத்துவிடுகிறேன். ரசீது கட்டாயம் வேண்டும்.

கேட்டவையும் சொன்னதும்

கூட்டம் முடிந்ததும் ஒரு அம்மா, விளக்கெண்ணெயோ தாய்ப்பாலோ விட்டால் சதை கரையுமா என்று கேட்டார். கரையாது, கிருமி சேரும், நாள் வீணாகும் என்றேன். மூன்றாம் மாடி நண்பர், தனக்கு இரண்டு கண்ணிலும் இருபது வருஷமாக இருக்கிறது, எடுத்தே ஆக வேண்டுமா என்றார். பார்வையை மறைக்காமல், வளராமல் இருந்தால் பல பேருக்கு எடுக்காமலே விட்டுவிடுகிறார்கள். அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும், நானும் நீங்களும் சொல்ல வேண்டாம் என்று பதில் சொன்னேன். மறுநாளே போய்க் காட்டிவிட்டு வந்துவிட்டார். சாதாரண டெரிஜியம்தானாம். லிஃப்டில் பார்த்தபோது சொன்னார்.